உறங்கும் வரிகளையும் தட்டும் குளொக்: திரைப் பனலில் வலு எங்கே போகிறது?

பனலின் குளொக் சுற்றில், அதாவது திரையின் வரிகளை முறைப்படி திறந்து மூடும் சீரான துடிப்புகளின் சுற்றில், வலுவைக் குறைத்தால் வீட்டு மின்கட்டணம் குறையுமா என்று கேட்டால், குறையாது. 32 அங்குல எல்ஈடி ரீவி ஒன்று ஓடும்போது 40 முதல் 60 வாற்று வரை எடுக்கலாம். அதில் பெரும் பங்கைப் பின்னொளி தின்றுவிடும். வரிகளைத் திறந்து மூடும் குளொக்குகளுக்குப் போவது ஒரு வாற்றின் சிறு பின்னம். மிகப் பெரிய திரைகளில் ஒரு வாற்றுக்கு அண்மையில் வரலாம். பற்றரியில் ஓடும் மடிக்கணினியிலும் போனிலும், முக்கியமாகக் கைக்கடிகாரத்திலும், அந்தப் பின்னத்துக்குப் பெறுமதி உண்டு. நெடுந்தீவு, அனலைதீவு போலத் தேசிய மின்வலையமைப்போடு இணையாத தீவுகளில் இருப்பவர்களுக்கு அது இன்னும் நன்றாகப் புரியும். ரீவி திருத்துபவர்களுக்கு வேறொரு காரணம் இருக்கிறது: குளொக் கோடுகளின் வலு எங்கே செலவாகிறது என்று தெரிந்தவருக்கு, பனல் ஒன்று ஒரு நொடி மின்னிவிட்டு ஏன் அணைகிறது என்பதும் தெரிந்துவிடும்.

முதலில் சுற்று எப்படி அமைந்திருக்கிறது என்று பார்க்கலாம். முழு எச்டி பனலில் 1080 வரிகள். ஒவ்வொரு வரிக்கும், அதன் பிக்சல்களைத் திறந்து மூடும் கம்பியாக, ஒரு கேற் கோடு. ஒரு நேரத்தில் ஒரு வரியைத் திறந்து, அதன் பிக்சல்களுக்குப் பட வோல்ற்றளவை ஏற்றி, மூடிவிட்டு அடுத்த வரிக்குப் போக வேண்டும். முன்பு இந்த வேலையைப் பனலின் ஓரத்தில் ஒட்டிய கேற் ஐசிகள் செய்தன. இன்று பெரும்பாலான பனல்களில் அந்த ஐசிகள் இல்லை. கண்ணாடியின் மேலேயே மென்படலத் திரான்சிற்றர்களால் ஒரு நகர்வுப் பதிவேட்டை, அதாவது துடிப்பை வரிக்கு ஒரு படியாகக் கைமாற்றிக்கொண்டு போகும் சுற்றை, கட்டிவிடுகிறார்கள். ஐசியின் செலவு மிச்சம், ஓரமும் ஒடுங்கும். வெளியிலிருந்து வருவது தொடக்கத் துடிப்பு ஒன்றும் நாலோ எட்டோ குளொக் கோடுகளும்தான். கடைகளில் சீகேவீ என்று சொல்லும் கோடுகள் இவைதான். பனலுக்கு நேரம் வகுத்துக் கொடுக்கும் ரீ-கொன் போட்டிலுள்ள லெவல் ஷிப்டர், 3.3 வோல்ற்றுத் துடிப்பை வாங்கி, சுமார் +28 வோல்ற்றுக்கும் −8 வோல்ற்றுக்கும் இடையே ஆடும் பெரிய துடிப்பாக்கி அனுப்புகிறது. மேல் வோல்ற்றளவு வீஜீஎச், கீழ் வோல்ற்றளவு வீஜீஎல். பெறுமானங்கள் பனலுக்குப் பனல் மாறும்; 36 வோல்ற்று ஆட்டம் வழமையான ஒன்று.

பதிவேட்டின் ஒவ்வொரு படியிலும் ஒரு பெரிய திரான்சிற்றர் இருக்கிறது. அதன் ஒரு முனை குளொக் கோட்டில், மறுமுனை கேற் கோட்டில். தன் முறை வரும்போது அது திறந்து, குளொக்கின் உயர்ந்த வோல்ற்றளவை அப்படியே கேற் கோட்டுக்குக் கடத்தும். இந்தத் திரான்சிற்றர்கள் வழமையாக ஆக்கப்படும் உருவமற்ற சிலிக்கனில் இலத்திரன்கள் மெதுவாகத்தான் ஓடும், அசைதிறன் 0.5 முதல் 1 வரை, அலகு சதுர சென்ரிமீற்றர்/வோல்ற்று-செக்கன். ஆகவே அந்தத் திரான்சிற்றரை ஆயிரக்கணக்கான மைக்ரோமீற்றர் அகலத்துக்கு நீட்ட வேண்டியிருக்கிறது. அகலம் கூடினால் அதன் கேற் முனைக்கும் குளொக் முனைக்கும் இடையிலுள்ள ஒட்டுண்ணிக் கொள்ளளவமும், அதாவது வேண்டாமலே மின்னேற்றத்தைப் பிடித்துக்கொள்ளும் தன்மையும், கூடும்.

விரயம் இங்கேதான் தொடங்குகிறது. எட்டு குளொக் கோடுகள் என்றால் ஒவ்வொன்றிலும் 135 படிகள் தொங்குகின்றன. எந்தக் கணத்திலும் அவற்றில் ஒன்றுதான் வேலை செய்கிறது. மற்ற 134 படிகளின் ஒட்டுண்ணிக் கொள்ளளவங்களையும் குளொக் ஒவ்வொரு துடிப்பிலும் ஏற்றி இறக்குகிறது. ஒரு வீட்டுக்குக் கடிதம் கொடுப்பதற்காக ஒழுங்கையிலுள்ள 135 படலைகளையும் தட்டிவிட்டுப் போவது போன்றது இது.

எண்களைப் போட்டுப் பார்ப்போம். வலு என்பது கொள்ளளவம், வோல்ற்றளவு ஆட்டத்தின் வர்க்கம், மீடிறன் ஆகிய மூன்றின் பெருக்கம். 60 ஹேர்ட்சில் ஓடும் முழு எச்டி பனலில், படம் இல்லாத வெற்று வரிகளையும் சேர்த்தால் ஒரு பிரேமுக்கு 1125 வரி நேரங்கள். வரி மீடிறன் 67.5 கிலோஹேர்ட்ஸ், ஒரு வரிக்குக் கிடைப்பது 14.8 மைக்ரோசெக்கன். எட்டுக் குளொக் என்றால் ஒவ்வொரு கோடும் அதன் எட்டிலொரு பங்கு, ஏறக்குறைய 8.44 கிலோஹேர்ட்சில் ஆடும். 5000 மைக்ரோமீற்றர் அகலமும் இரு முனைகளும் ஒன்றன்மேல் ஒன்று படியும் 2 மைக்ரோமீற்றர் மேற்கவிவும் 400 நனோமீற்றர் சிலிக்கன் நைத்திரைட்டுப் படலமும் கொண்ட திரான்சிற்றருக்கு ஒட்டுண்ணிக் கொள்ளளவம் 1.5 பிக்கோபரட் அளவில் வரும். 135 படிகளுக்கு ஏறத்தாழ 200 பிக்கோபரட். குளொக் கோட்டின் சொந்தக் கொள்ளளவத்துக்கு 150, அந்த நேரத்தில் திறந்திருக்கும் கேற் கோட்டுக்கு 150 என்று எடுத்தால் கோட்டுக்கு 500 பிக்கோபரட். எட்டுக் கோடுகளுக்கும் 36-இன் வர்க்கத்துக்கும் 8.44 கிலோஹேர்ட்சுக்கும் பெருக்கினால் 44 மில்லிவாற்று. இது பனலின் ஒரு பக்கத்திலிருந்து மட்டும் ஓட்டும்போது. வீஜீஎச்சை உண்டாக்கும் பம்ப் சுற்றின் வினைத்திறன் 75 சதவீதம் என்றால், உள்ளே எடுக்கப்படுவது 58 மில்லிவாற்றுக்கு மேல்.

சைக்கிள் டைனமோவைச் சுழற்றி ரேடியோ கேட்ட 1990களின் யாழ்ப்பாணத்துக்கு, 3 வாற்று டைனமோ என்ன பாடு படுத்தும் என்று தெரியும். அந்த 3 வாற்றில் ஐம்பதில் ஒரு பங்கு இது. சிறியதுதான், ஆனால் திரை எரியும் நேரமெல்லாம் போய்க்கொண்டே இருக்கும்.

அந்த 44-ஐப் பிரித்துப் பார்த்தால் எதைக் குறைக்க முடியும் என்பது தெளிவாகும். கேற் கோடுகளுக்குப் போகும் 13 மில்லிவாற்று தவிர்க்க முடியாத செலவு. ஒவ்வொரு வரியும் பிரேமுக்கு ஒருமுறை ஏற்றப்பட்டே ஆக வேண்டும். கோட்டின் சொந்தக் கொள்ளளவத்துக்கும் 13. மிச்சம் 17.7 மில்லிவாற்றும் வேலை இல்லாத படிகளுக்குப் போகிறது. வடிவமைப்பாளரின் கண் முதலில் போக வேண்டிய இடம் அதுதான்.

குளொக் கோடுகளின் எண்ணிக்கையைக் கூட்டினால் வலு கூடும் என்று பலர் நினைக்கிறார்கள். கணக்கு நேர்மாறாகப் போகிறது. கோடுகளை நாலிலிருந்து எட்டாக்கினால் ஒவ்வொரு கோட்டிலும் தொங்கும் படிகள் பாதியாகின்றன, மீடிறனும் பாதியாகிறது, கோடுகள் மட்டும் இரட்டிப்பு. ஆக ஒட்டுண்ணிப் பங்கு பாதிக்கு இறங்கும்: நாலு கோட்டில் 35 மில்லிவாற்றாக இருந்தது எட்டில் 17.7. கோடுகளின் சொந்தக் கொள்ளளவத்துக்குப் போகும் பங்கு மாறாது. அப்படியானால் 16, 32 என்று போகலாமே? ஒவ்வொரு கோடும் ஓரத்தில் இடம் பிடிக்கும். ஒன்றையொன்று கடக்கும் இடங்களில் புதிய கொள்ளளவம் முளைக்கும். லெவல் ஷிப்டருக்குக் கால்கள் கூடும். துடிப்பு அகலமாக, பெரிய திரான்சிற்றரைத் திறந்து வைத்திருக்கும் படியின் உட்புள்ளி தன் ஏற்றத்தை அதிக நேரம் தாங்க வேண்டும். கசிவுள்ள திரான்சிற்றரில் அது இடையிலேயே இறங்கிவிடும். ஓர் எல்லைக்குப் பிறகு மிச்சம் பிடிப்பதைவிடத் தொல்லைதான் அதிகம்.

அடுத்த வழி, உறங்கும் பகுதிக்குக் குளொக்கையே அனுப்பாமல் விடுவது. 1080 வரிகளை நாலு தொகுதிகளாகப் பிரித்து, வரிகளை ஒவ்வொன்றாகத் திறந்து போகும் வருடல் எந்தத் தொகுதியில் நடக்கிறதோ அதற்கு மட்டும் குளொக்கைத் திறந்துவிட்டால், ஒட்டுண்ணிப் பங்கு நாலிலொன்றாகும், 17.7 மில்லிவாற்று 4.4 ஆகும். தாளில் அழகாக இருக்கும் இந்த யோசனை கண்ணாடியில் ஒரு சிக்கலில் மாட்டுகிறது. பழைய வகைச் சுற்றுகளில் உறங்கும் படிகள் அதே குளொக்கைக் கொண்டுதான் தம் கேற் கோட்டைக் கீழே இழுத்துப் பிடித்திருக்கின்றன. குளொக்கை நிறுத்தினால் அந்தப் பிடி விட்டுப்போகும். கேற் கோடு மிதக்கும்; பட வோல்ற்றளவைக் கொண்டுவரும் தரவுக் கோடுகளின் அசைவு அதில் ஏறும்; மூடியிருக்க வேண்டிய பிக்சல்கள் சற்றுத் திறந்து, திரையில் கிடையாக மங்கிய பட்டைகள் தோன்றும். ஆகவே இழுத்துப் பிடிக்கும் வேலையைக் குளொக்கிலிருந்து பிரித்துவிட வேண்டும். அதற்கென இரண்டு மிக மெதுவான கட்டுப்பாட்டுக் கோடுகள், பல பிரேம்களுக்கு ஒருமுறை இடம் மாறிக்கொள்ளும். மீடிறன் அற்பம் என்பதால் அவற்றின் வலுவும் அற்பம். ஏன் இரண்டு, ஏன் மாற வேண்டும் என்றால், ஒரே திரான்சிற்றரின் கேற்றில் நேர் வோல்ற்றளவு இடைவிடாமல் நின்றால் அது திறக்கத் தொடங்கும் தொடக்க வோல்ற்றளவு நகர்ந்து, நாளடைவில் அது திறக்க மறுக்கும்.

மூன்றாவது வழி மின்னேற்றப் பகிர்வு. எட்டுக் குளொக்குகளில் முதலாவதும் ஐந்தாவதும் எதிரெதிர் கட்டத்தில் ஆடுகின்றன; ஒன்று 28-இல் நிற்கும்போது மற்றது −8-இல். மாற்றம் நிகழும் கணத்துக்குச் சற்று முன் இரண்டையும் ஓர் ஆளியால் இணைத்துவிட்டால், ஒன்றிலிருந்து வடியும் மின்னேற்றம் மற்றதில் ஏறும். இரண்டும் நடுவே 10 வோல்ற்றில் சந்திக்கும். மிச்சப் பாதியை மட்டும் மின்வழங்கி கொடுத்தால் போதும். இலட்சிய நிலையில் செலவு சரிபாதி. பல லெவல் ஷிப்டர் ஐசிகளில் இந்த வசதி உள்ளேயே இருக்கிறது, வெளியே ஒரு தடையியை வைத்துப் பகிர்வின் வேகத்தைத் தீர்மானிக்கலாம்.

அந்தத் தடையியில் கை வைப்பவர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். கேற் கோடு இறங்கும் விளிம்புதான் இங்கே ஆபத்தான இடம். 10 வோல்ற்றில் நிற்கும் கேற் இன்னும் மூடவில்லை. அந்த நேரத்தில் அடுத்த வரியின் தரவு வந்துவிட்டால், அது இந்த வரிக்குள்ளும் புகுந்துவிடும். கறுப்பு எழுத்துக்கு மேலே மெல்லிய நிழல் போலத் தெரியும் கோளாறு பெரும்பாலும் இப்படித்தான் வரும். பகிர்வு நேரம் கோட்டின் நேர மாறிலியை (தடையையும் கொள்ளளவத்தையும் பெருக்கி வருவது) போல் மூன்று மடங்காவது இருந்தால்தான் பயன் முழுமை. 2 கிலோஓம், 500 பிக்கோபரட் கோடு என்றால் மாறிலி 1 மைக்ரோசெக்கன், பகிர்வுக்கு 3. வரிக்குக் கிடைப்பதே 14.8 என்பதால் முழு எச்டியில் சமாளிக்கலாம். 4கே 60 ஹேர்ட்சில் வரி நேரம் 7.4-ஆக இறங்கும், 120 ஹேர்ட்சில் 3.7. அங்கே பகிர்வைக் குறைக்கத்தான் வேண்டும்.

தடையைப் பற்றி ஒரு தவறான எண்ணம் ஊறிப்போயிருக்கிறது: குளொக் கோட்டைத் தடிப்பாக்கித் தடையைக் குறைத்தால் வலு மிச்சமாகும் என்பது. ஆகாது. கொள்ளளவியை ஏற்றி இறக்கும் சக்தி தடையைப் பொறுத்ததல்ல. தடை, வெப்பம் எங்கே தோன்றும் என்பதையும் விளிம்பு எவ்வளவு கூராக இருக்கும் என்பதையும்தான் தீர்மானிக்கும். அகலமான கோடு மற்றக் கோடுகளைக் கடக்கும் பரப்பைக் கூட்டி, செலவைச் சற்று ஏற்றவும் செய்யும்.

வோல்ற்றளவைக் குறைப்பதுதான் எல்லாவற்றிலும் வலிமையான ஆயுதம், ஏனெனில் அது வர்க்கமாக வேலை செய்கிறது. ஆட்டத்தை 36-இலிருந்து 30 வோல்ற்றாக்கினால் செலவு 44-இலிருந்து 30.5 மில்லிவாற்றுக்கு இறங்கும். ஆறில் ஒன்றைக் குறைத்து, மூன்றில் ஒன்றுக்குச் சற்றுக் குறைவாக மிச்சம். இதில் யாழ்ப்பாணத்துக்கென்று ஒரு சங்கதி உண்டு. குளிரில் உருவமற்ற சிலிக்கனின் அசைதிறன் விழும்; அதனால் குளிர்நாடுகளை நினைத்து, வெப்பநிலை இறங்கும்போது வீஜீஎச்சை உயர்த்தும் ஏற்பாட்டைப் பல போட்டுகளில் வைத்திருக்கிறார்கள். வெப்பநிலை இறங்க இறங்கத் தடை கூடும், 25 பாகையில் 10 கிலோஓம் காட்டும் தேமிஸ்டர் ஒன்று வெப்பநிலையைச் சொல்லும். மார்கழிப் பனியிலும் 20 பாகைக்கு அண்மையில் நிற்கும் எங்கள் வீட்டுக்குள் அந்த உயர்வு ஒருநாளும் தேவைப்படாது. ஆனால் தேமிஸ்டரின் கால் விட்டுப்போனால், தடை முடிவிலி. சுற்று அதைக் கடுங்குளிர் என்று எடுத்துக்கொண்டு, நடுச் சித்திரையிலும் வீஜீஎச்சை உச்சத்தில் வைத்திருக்கும். 28 வோல்ற்று 33 ஆனால் ஆட்டம் 41. குளொக் வலு 30 சதவீதம் கூடும், திரான்சிற்றர்களும் வேகமாகத் தேயும். வீஜீஎச் கூடிய போட்டைக் கண்டால் ஐசியை மாற்ற முன் அந்தத் தேமிஸ்டரை அளந்து பாருங்கள். எங்கள் 30 பாகை அறையில் 8 கிலோஓம் அளவில் காட்ட வேண்டும்.

வீஜீஎச்சைக் கையால் இறக்குவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். பழகிய பனலில் திரான்சிற்றர்களின் தொடக்க வோல்ற்றளவு ஏற்கெனவே மேலே போயிருக்கும். புதியதில் 24 வோல்ற்று போதுமாக இருந்தாலும் ஐந்து வருடம் ஓடியதில் போதாது. துடிப்பு ஒவ்வொரு படியிலும் கொஞ்சம் கொஞ்சமாக மெலிந்து, திரையின் மேற்பகுதி நன்றாகவும் ஒரு வரிக்குக் கீழே எல்லாம் குழம்பியும் தெரியும்.

மீடிறனைக் குறைக்கும் பாதை பொருளில் தொடங்குகிறது. இந்தியம், கல்லியம், நாகம் மூன்றின் ஒட்சைட்டால் ஆன இக்சோ திரான்சிற்றரின் அசைதிறன் 10 அளவில் இருக்கிறது. அகலம் பத்திலொன்றானால் ஒட்டுண்ணிக் கொள்ளளவமும் அதே விகிதத்தில் சுருங்கும். அதைவிடப் பெரிய இலாபம் கசிவு மிகக் குறைவு என்பது: பிக்சல் தன் ஏற்றத்தைத் தாங்கிக்கொள்வதால், அசையாத படத்துக்குப் பிரேம்களையே விட்டுவிட்டு ஓடலாம். உருவமற்ற சிலிக்கனில் இதைச் செய்தால் ஏற்றம் கசிந்து திரை துடிக்கும். வேகமான பல்பளிங்குச் சிலிக்கனையும் கசியாத ஒட்சைட்டையும் ஒரே கண்ணாடியில் சேர்த்ததுதான் எல்ரீபீஓ. 2018-இல் அப்பிளின் கைக்கடிகாரத்தில் வந்தது. 2019-இல் எப்போதும் எரியும் திரையை 1 ஹேர்ட்ஸ் வரை இறக்கி ஓட்ட அதுவே உதவியது. 2021-இல் ஐபோன் 13 புரோவில் 10 முதல் 120 ஹேர்ட்ஸ் வரை மாறும் திரையாக வந்தது.

பின்னொளி இல்லாமல் பிக்சல்களே ஒளிரும் போனின் அமோலெட் பனலில் ஆட்டம் 14 வோல்ற்று அளவுதான். ஆனால் 2400 வரிகள், 120 ஹேர்ட்ஸ், வருடலுக்கும் ஒளிர்வுக்கும் தனித்தனிக் குளொக்குகள், அதுவும் இரு பக்கத்திலும். கோட்டுக்கு 200 பிக்கோபரட், எட்டுக் கோடுகள், 144 கிலோஹேர்ட்ஸ் என்று போட்டால் 45 மில்லிவாற்று. 60 ஹேர்ட்சுக்கு இறக்கினால் பாதி. 10 ஹேர்ட்சில் 4-க்கும் குறைவு. 5000 மில்லிஅம்பியர்-மணி பற்றரியில் 19 வாற்று-மணி இருக்கும். நாளுக்கு ஐந்து மணி நேரம் திரை எரிந்தால், 120-இல் குளொக்குக்குப் போவது 1.2 சதவீதம். செற்றிங்கில் 60-ஐத் தெரிந்தால் குளொக்கில் மிச்சம் அரைச் சதவீதத்துக்குச் சற்று மேல். உண்மையில் தெரியும் மிச்சம் படத்தை வரையும் செயலியிலிருந்து வருவது. 1.1 வாற்று-மணிப் பற்றரியோடு 18 மணி நேரம் திரை எரியும் கைக்கடிகாரத்தில் 5 மில்லிவாற்றே 8 சதவீதம். எல்ரீபீஓ முதலில் அங்கே போனது இதனால்தான்.

இனித் திருத்தும் மேசைக்கு வருவோம். குளொக் செலவை அளக்க ஒசிலஸ்கோப் அவசியமில்லை. வீஜீஎச் வழங்கலில், லெவல் ஷிப்டரின் தேக்கக் கொள்ளளவிக்கு முன்னால், 100 ஓம் தடையி ஒன்றைத் தொடரில் வைத்து மல்ரிமீற்றரால் அதன் குறுக்கே அளக்கலாம். மேலே கணக்கிட்ட பனலுக்கு 1.2 மில்லிஅம்பியர், அதாவது 0.12 வோல்ற்று. கொள்ளளவிக்குப் பின்னால் வைத்தால் துடிப்பின் கூர்முனைகள் தடையியில் விழுந்து, வாசிப்பும் பிழைக்கும் படமும் குழம்பும். பெரிய ரீவியில் சில மில்லிஅம்பியர் வரலாம். அது இருபது, முப்பது என்று போனால் அது குளொக்கின் செலவல்ல, பனலுக்குள் கசிவு. பாதுகாப்புச் சுற்று விழித்துக்கொள்ளும். ஒரு நொடி படம் வந்து அணையும்.

கசிவுள்ள கோட்டைக் கண்டுபிடிக்க, போட்டையும் பனலையும் இணைக்கும் பட்டை வயரான பிளக்ஸைக் கழற்றி, ஒவ்வொரு சீகேவீ சோதனைப் புள்ளிக்கும் வீஜீஎல்லுக்கும் இடையே பனல் பக்கத்தில் தடையை அளக்க வேண்டும். எல்லாம் ஒரே அளவில், மெகாஓம்களில், இருக்க வேண்டும். ஒன்று மட்டும் சில கிலோஓம் காட்டினால் அதுதான். கடைகளில் அந்தப் பக்கத்துக் குளொக் கால்களை ஒட்டுநாடாவால் மறைத்து மற்றப் பக்கத்தால் மட்டும் ஓட்டுவார்கள். இரு பக்கமும் ஒரே வரியை ஓட்டும் பனலில் இது பலிக்கும். குளொக் வலுவும் ஏறக்குறையப் பாதியாகும். ஆனால் கேற் கோட்டின் தூர முனை மெதுவாகத்தான் ஏறும் என்பதால் 55 அங்குலத்தில் ஒரு பக்கம் நிறம் மங்கலாம். ஒற்றை வரிகளை இடதும் இரட்டை வரிகளை வலதுமாக ஓட்டும் பனலில் இதைச் செய்தால் ஒன்றுவிட்டு ஒரு வரி போய்விடும். அங்கே நாடாவை எடுத்துவிடுவதைத் தவிர வழியில்லை.

குருநகர், காரைநகர் போலக் கடலோரத்து வீடுகளில் இருந்து வரும் செற்றுகளில் பனலைக் குற்றம் சொல்ல முன் பிளக்ஸ் கால்களைப் பூதக்கண்ணாடியால் பாருங்கள். அரை மில்லிமீற்றர் இடைவெளியில் வீஜீஎச்சும் வீஜீஎல்லும் அருகருகே 36 வோல்ற்று வேறுபாட்டோடு நிற்கின்றன. உப்பும் ஈரமும் சேர்ந்தால் ஒரு காலிலிருந்து மற்றதுக்கு உலோகம் பச்சையாகவோ கறுப்பாகவோ படர்ந்து வளரும். ஐசோபுரோப்பைல் மதுசாரத்தில் நனைத்த மெல்லிய தூரிகையால் துடைத்து, நன்றாக உலரவிட்டு, மறுபடி அளந்தால் பல தடவை மெகாஓம் திரும்பி வந்துவிடும். உலர முன் கரண்ட் கொடுக்க வேண்டாம்.